விமானம் தாமதம், கூடவே பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளோடு விமானம் ஏறப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். உள்நாட்டுப் பயணங்களை, அதிலும் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கடைசிக் கேள்வி மட்டும் வெளிநாடு போகிறவர்களுக்கு.

லேட்னு மெசேஜ் வந்ததும் பிள்ளைங்ககிட்ட முதல்ல என்ன சொல்றது?

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் மணிக் கணக்கில் சொல்லாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்பதும் "நாளைக்கு" என்பதும் ஒன்றுதான். "நம்ம பிளேன் இன்னும் வரல. முதல்ல இட்லி சாப்பிடுவோம், அப்புறம் கண்ணாடிகிட்ட போய் பிளேன் பார்ப்போம், அப்புறம் ஒரு கதை" என்று அடுத்து நடக்கப்போகும் மூன்று வேலைகளைச் சொன்னால் போதும். மூன்றும் முடிந்தும் விமானம் வரவில்லை என்றால் இன்னொரு மூன்று.

"இதோ இப்ப கிளம்பிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாமதம் பெரும்பாலும் தவணை தவணையாகத்தான் நீளும்: முதலில் 40 நிமிடம், பிறகு இன்னொரு 50 நிமிடம். இரண்டாவது தடவை உங்கள் பேச்சு பொய்த்ததும் பிள்ளை நம்புவதை நிறுத்திவிடும். அதன் பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது. "எனக்கும் தெரியலடா, கேட்டுட்டு வரேன்" என்பது நல்ல பதில்.

போர்டுல போட்டிருக்கிற நேரத்தை நம்பலாமா?

பாதிதான். உங்களை ஏற்றிப் போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. உள்நாட்டில் ஒரே விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு ஊர் போய் வருகிறது. காலையில் டெல்லி மூடுபனியில் மாட்டிய விமானம்தான் மாலையில் உங்களை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டியதாக இருக்கலாம். சென்னையில் வெயில் அடிக்கும்போது "வானிலை காரணமாகத் தாமதம்" என்று சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், பல சமயம் அதற்கு ஒதுக்கிய விமானத்தின் பதிவு எண் தெரியும். அதைத் தொட்டால் அந்த விமானம் வந்துகொண்டிருக்கும் பயணம் தெரியும். அது தரையிறங்கும் நேரத்தோடு 30 முதல் 45 நிமிடம் கூட்டுங்கள். ஆட்கள் இறங்க, சுத்தம் செய்ய, எரிபொருள் நிரப்ப, உங்களை ஏற்ற அவ்வளவு ஆகும். பலகையில் 6.10 என்று போட்டிருக்க, விமானம் 6.05க்குத்தான் தரையிறங்கும் என்று செயலி காட்டினால் 6.10 நடக்காது. பிள்ளையைத் தூங்க வைப்பதா, சாப்பாடு கொடுப்பதா என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். ஆனால் விமானம் ஏறும் கேட்டை விட்டு வெகுதூரம் போய்விடாதீர்கள். கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றிவிடுவதும் உண்டு. விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துபோய், விமானம் வந்து நின்றும் கிளம்பாத நாட்களும் உண்டு.

சென்னை உட்பட பல நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்துவிட்டார்கள். கேட் மாறியதைக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை பலகையைப் பார்த்து வரும் வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுக்கலாம். அதற்கும் பொழுது போகும்.

வீட்டுல இருக்கும்போதே லேட்னு தெரிஞ்சா, லேட்டாவே கிளம்பலாமா?

விமான நிறுவனம் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ புதிய புறப்பாட்டு நேரத்தை எழுதி அனுப்பியிருந்தால், அந்த நேரத்தை வைத்துக் கிளம்பலாம். செயலியில் நீங்களாகப் பார்த்துக் கண்டுபிடித்த தாமதமென்றால் பழைய நேரத்துக்கே போய்விடுங்கள். தாமதம் குறையவும் செய்யும். உள்நாட்டு விமானங்களுக்குப் பயணப்பெட்டி வாங்கும் கவுன்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பின்னால் வரும் சாப்பாடு, ஹோட்டல் உரிமைகளுக்கும் நீங்கள் நேரத்துக்கு வந்து செக்-இன் செய்திருக்க வேண்டும்.

நிலையத்துக்குள் நுழைந்த பிறகு நினைத்தபோது வெளியே வர முடியாது. மத்தியப் பாதுகாப்புப் படையினர் விடமாட்டார்கள், விமான நிறுவன ஊழியர் யாராவது கூட வர வேண்டும். அதனால் தாத்தா பாட்டி வெளியே நிற்கிறார்கள், இன்னும் நேரமிருக்கிறது என்றால், உள்ளே போகுமுன் அவர்களோடு இருந்துவிட்டுப் போங்கள்.

கைப்பையில என்னென்ன வெச்சுக்கணும்? டயாபர் எத்தனை?

பயண நேரத்துக்கு அல்ல, பயண நேரத்தோடு ஆறு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு டயாபர், அதற்கு மேல் இரண்டு. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு, வீட்டிலிருந்து கிளம்பி இறங்கிப் போகும் நேரத்தையும் சேர்த்தால் ஆறேழு வரும். மாற்றுத் துணி பிள்ளைக்கு இரண்டு செட், உங்களுக்கு ஒரு மேல்சட்டை. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பிள்ளை வாந்தி எடுப்பது நம் தோளில்தான். அழுக்குத் துணி போட ஜிப் வைத்த கவர் நான்கு. காய்ச்சல் மருந்து அதன் அளவுக் குவளையோடு. 200 மில்லி தண்ணீருக்கான சின்ன ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இரண்டு. பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டால் அவசரத்துக்கு எடுத்துத் தரமாட்டார்கள், அதனால் மருந்து எதையும் அதில் வைக்காதீர்கள்.

பழைய பருத்திப் புடவை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விரிக்க, ஏசி குளிருக்குப் போர்த்த, பால் கொடுக்கும்போது மறைக்க, இரண்டு நாற்காலிக்கு நடுவே கூடாரம் போட என்று எல்லாவற்றுக்கும் ஆகும். விலை கொடுத்து வாங்கும் பயணப் போர்வைகள் எதுவும் இதற்கு ஈடில்லை. குளிரில் முதலில் சில்லிடுவது கால், அதனால் காலுறையும் வேண்டும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்.ஏ.எச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணிதான். விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் ஏற்றுவதைப் பல நிறுவனங்கள் தடை செய்துவருகின்றன, ஆகவே காத்திருக்கும்போதே ஏற்றி முடியுங்கள். பொம்மைத் துப்பாக்கி இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சோதனையில் பிடுங்கப்பட்டால் அழுகை அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா? தயிர்சாதம் விடுவாங்களா?

உள்நாட்டு விமானத்தில் வீட்டுச் சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம், தண்ணீர் பாட்டிலும் விடுவார்கள். சர்வதேசப் பயணத்தில்தான் 100 மில்லி கட்டுப்பாடு. அங்கே தயிரும் சட்னியும் திரவக் கணக்கில் வந்துவிடும். ஊறுகாயையும் கொப்பரைத் தேங்காயையும் உள்நாட்டிலும் கைப்பையில் வைத்து வம்பில் மாட்டாதீர்கள்.

அனுமதியைவிடக் கெட்டுப்போவதுதான் பெரிய தொல்லை. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் சென்னை வெயிலில் டாக்ஸியில் ஒரு மணி நேரம், நிலையத்தில் நான்கு மணி நேரம் தாங்காது. தயிர்சாதம் என்றால் கிளம்பிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தியில் சர்க்கரை உருட்டியது, இவை தாக்குப்பிடிக்கும். சின்னப் பிள்ளைக்குக் காரத்துக்குப் பதில் பருப்புப்பொடி. இட்லிகளை ஆறவிட்டுப் பிறகு டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் சொட்டி, இரண்டு மணி நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, இரண்டாவது டப்பாவைப் பிள்ளை கண்ணில் காட்டாமல் வையுங்கள். பொட்டுக்கடலை, அவல் பொரி, முறுக்கு, உலர் திராட்சை போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன நேரம் பிடிக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. நான்கு வயதுக்குக் கீழே முழு நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். கேக், சாக்லேட், பாட்டில் ஜூஸ் எல்லாம் கொடுத்த சிறிது நேரத்துக்கு மட்டும் சந்தோஷம்.

கையில் ஒன்றும் இல்லாமல் போனால்: சென்னை நிலையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். அப்போது டீ 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய். மற்ற கடைகளில் விலை கேட்டால் நமக்குத்தான் ஓ.ஆர்.எஸ் தேவைப்படும்.

பால் பவுடர் கலக்கி எடுத்துட்டுப் போகலாமா? தாய்ப்பால் எடுத்து வெச்சா எவ்வளவு நேரம் தாங்கும்?

பவுடர் பாலை முன்கூட்டிக் கலக்காதீர்கள். கலக்கியது அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். ஒவ்வொரு வேளைக்குமான பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு, வெந்நீரை பிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். குறைந்தால் டீக்கடையில் கேட்டால் நிரப்பித் தருவார்கள். எடுத்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம், உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை இருக்கும். 100 மில்லி கட்டுப்பாடு குழந்தைப் பாலுக்குப் பொருந்தாது, ஆனால் சோதனைக்குத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

போனைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதே, அதுல என்ன தப்பு?

தப்பில்லை, எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். தாமதம் என்றதும் போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் கழித்து, விமானத்துக்குள் அடைந்து கிடக்கும்போது கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஓட இடமிருக்கும்வரை ஓட்டம், உட்கார வேண்டிய இடத்தில் போன். போர்டிங் பாஸும் அந்த போனில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் யாருக்கும் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நிலையத்து வைஃபையை நம்பாமல் நான்கைந்து படங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஹெட்போனும் அவசியம்.

போன் இல்லாம என்ன விளையாடறது? எல்லாத்துக்கும் "போர் அடிக்குது"ங்கறாங்க.

ஒரு நோட்டு, இரண்டு பேனா இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஓட்டலாம். நாலு பேர் இருந்தால் ராஜா ராணி மந்திரி திருடன். சீட்டு எழுதிக் கிழிப்பதே பத்து நிமிடம். மதிப்பெண்ணைக் கூட்டும் பொறுப்பை மூன்றாம் வகுப்புக்காரரிடம் கொடுங்கள். இருவர் என்றால் புள்ளி வைத்துக் கட்டம் பிடிப்பது. எழுதத் தெரியாதவர்களுக்கு விடுகதை. அந்தாக்ஷரியைக் கூட்டமில்லாத மூலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயதுக்கு மேல், நிலையத்தையே விளையாட்டாக்கலாம். ஒவ்வொரு விமானத்தின் பின்புறம், வாலுக்கு அருகே பதிவு எழுத்துகள் இருக்கும். இந்திய விமானமென்றால் விடி என்று தொடங்கும். இலங்கைக்கு 4ஆர், சிங்கப்பூருக்கு 9வி, மலேசியாவுக்கு 9எம், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஏ6. யார் அதிக நாடு பிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்துப் பாருங்கள். நம் விமானத்தின் எழுத்துகளை, மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன செயலியில் பார்த்துவிட்டு, அது வந்து நிற்கும்போது முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஜன்னல் இருக்கை. காத்திருப்பதே ஆட்டமாகிவிடும்.

புதுப் பொருள் ஒன்றிரண்டை, ஸ்டிக்கர் புத்தகமோ களிமண்ணோ, ஒளித்து வைத்திருந்து தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய பிறகே வெளியே எடுங்கள்.

ரெண்டு வயசுப் பையன். ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான், என்ன செய்ய?

உட்கார வைக்காதீர்கள். ஆளில்லாத கேட் பக்கமாகக் கூட்டிப் போய் அரை மணி நேரம் நடக்க விடுங்கள். ஒருவர் பின்னாலேயே போக வேண்டும், ஒருவர் சாமான்களோடு. இருபது நிமிடம் நடை, பத்து நிமிடம் தின்பண்டம் என்று மாற்றி மாற்றி வைத்தால் பெரும்பாலும் அடங்குவார்கள். நகரும் படிக்கட்டுப் பக்கம் மட்டும் கையை விடாதீர்கள்.

காலையில் கிளம்பும்போதே பிள்ளையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சட்டைக்குள் உங்கள் கைப்பேசி எண் எழுதிய சீட்டைக் குத்திவிடுங்கள். வெளியே தெரியும்படி பெயர் எழுத வேண்டாம். காணோம் என்றால் தேடி ஓடுமுன் அருகிலுள்ள பாதுகாப்புப் படையினரிடம் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.

எத்தனை மணி நேரம் லேட்டானா ஏர்லைன்ஸ் சாப்பாடு தரணும்? ஹோட்டல் உண்டா?

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக விதிப்படி, பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால் 2 மணி நேரத் தாமதத்திலிருந்து உணவு, சிற்றுண்டி தர வேண்டும். சென்னை-பெங்களூரு, சென்னை-மும்பை இதில் வரும். இரண்டரை முதல் ஐந்து மணி வரையான பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம், சென்னை-டெல்லி பொதுவாக இந்தக் கணக்கு. அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு 4 மணி நேரம். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேலான தாமதத்துக்கும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஹோட்டல் உண்டு.

மூடுபனி, புயல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று நிறுவனத்தின் கையை மீறிய காரணமென்றால் இந்தக் கட்டாயம் இல்லை. போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை ஓடுபாதையை மறைக்கும் காலையில் சட்டம் பேசிப் பயனில்லை. ஆனாலும் கேளுங்கள், பிள்ளை இருக்கிறது என்றால் பலர் ஏற்பாடு செய்வார்கள். கேட்கும் விதம்: போர்டிங் பாஸைக் காட்டி, "மூணு மணி நேரம் ஆச்சு, குழந்தைக்குச் சாப்பாட்டுக் கூப்பன் எங்கே தர்றாங்க?" என்று இடத்தைக் கேளுங்கள். "தருவீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்வது சுலபம். மறுத்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பிறகு மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பிள்ளைகள் முன்னால் கவுன்டரில் கத்துவதில் ஒரு நஷ்டமுண்டு: நம் குரல் உயர்ந்ததும் ஏதோ ஆபத்து என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு மடியை விட்டு இறங்க மாட்டார்கள்.

உள்ள ஏத்தி உட்கார வெச்சுட்டு மணிக்கணக்கா நிறுத்திட்டா?

இதுதான் கடினமான கட்டம். விமானம் தரையில் நிற்கும்போது ஏசி காற்று குறைவாகத்தான் வரும், உள்ளே புழுங்கும். முதலில் பிள்ளையின் மேலுடை ஒன்றைக் கழற்றி, ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துவிடுங்கள். பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேளுங்கள், தருவார்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்திருந்தால் நடைபாதையில் ஒரு சுற்று நடக்கலாமா என்றும் கேட்கலாம்.

போன் கொடுக்க வேண்டியது இங்கேதான். பாலையும் தின்பண்டத்தையும் இங்கேயே தீர்த்துவிடாதீர்கள். மேலேறும்போதும், அதைவிட இறங்கும்போதும், காதடைப்புக்குச் சப்ப ஏதாவது வேண்டும். தாமதம் மிக நீண்டால் பயணிகளை இறக்கித் திரும்ப நிலையத்துக்குள் விடலாம் என்று விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2024இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. முடிவு விமான நிறுவனமும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து எடுப்பது. கைக்குழந்தை சோர்ந்துபோனாலோ, நெடுநேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

தூங்கறதுக்குச் சளி மருந்து கொடுக்கலாம்னு சொல்றாங்களே?

வேண்டாம். சளி மருந்தில் இருக்கும், தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, தூங்காமல் ஆட்டம் போட வைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே சிலவற்றால் மூச்சுக்கே ஆபத்து. பயண வாந்திக்கு மருந்து வேண்டுமென்றால் எடையைச் சொல்லி மருத்துவரிடம் வாங்கி, வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பார்த்த பிறகே எடுத்துப் போங்கள். தூங்க வைக்க முன்சொன்ன புடவையும், வழக்கமாக இரவில் போடும் அதே பாட்டும் போதும்.

பிள்ளை அழுதா எல்லாரும் முறைக்கிறாங்க. கூச்சமா இருக்கு.

முறைப்பவர்கள் பாதிப்பேர் தங்கள் தாமதத்தை நினைத்துத்தான் முறைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "தூக்கம் வந்துடுச்சு, கொஞ்சம் அழுவான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவரே விளையாட்டுக் காட்ட ஆரம்பிப்பார். அழுகை பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஆளில்லாத பக்கம் தூக்கிப் போங்கள். வெளிச்சமும் சத்தமும் குறைந்தாலே பாதி அடங்கும்.

நான் தனியா ரெண்டு பிள்ளைங்களோட போறேன். யார் கவுன்டருக்குப் போறது?

யாரும் போக வேண்டாம், முடிந்தவரை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யுங்கள். நிறுவனத்தின் செயலியில் மாற்று விமானம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வாடிக்கையாளர் சேவைக்கும் போன் போடுங்கள். வரிசையில் நிற்பவரைவிட முன்னால் வேலை முடிவதுண்டு. கழிப்பறைக்கு மூவரும் சேர்ந்தே போங்கள், சாமானையும் எடுத்துக்கொண்டு. மடக்கும் தள்ளுவண்டியைப் பல நிறுவனங்கள் விமான வாசல் வரை விடுகின்றன. சின்னது தூங்கினால் அதில், இல்லாதபோது பைகள். கேட் மாறும் நாளில் அதன் அருமை தெரியும். தனியாகப் போவது முன்பே தெரிந்தால், அன்றைய முதல் விமானத்தைப் பிடியுங்கள். முந்தைய பயணங்களின் தாமதம் அதில் பெரும்பாலும் சேராது. மார்கழிப் பனிக்காலம் மட்டும் விதிவிலக்கு, அப்போது முற்பகல் விமானம் மேல்.

லண்டன்லருந்து சென்னை. நடுவுல கனெக்‌ஷன் போயிடுச்சுன்னா? குழந்தைக்கும் நஷ்ட ஈடு உண்டா?

இரண்டு பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பிள்ளைகளோடு போகும்போது அந்த மிச்சம் தேவையில்லை. ஒரே முன்பதிவானாலும் இடைவெளி குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். மாற்று விமானம் தரும்போது எல்லோரும் ஒன்றாக உட்கார இடம் உண்டா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

பிரிட்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானமும், பிரிட்டனுக்கு வரும் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவன விமானமும் அந்நாட்டு விதிக்குள் வரும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், நிறுவனத்தின் தவறால் சேருமிடத்தை அடைய 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 520 பவுண்டு, 3 முதல் 4 மணி என்றால் 260. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே தூரத்துக்கு 600 யூரோ, 300 யூரோ. டிக்கெட் வாங்கிய பிள்ளைக்கும் பெரியவருக்கான அதே தொகை. கட்டணமே இல்லாமல் மடியில் வரும் கைக்குழந்தைக்குக் கிடையாது. பிள்ளையின் போர்டிங் பாஸையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் தனியாகக் கேட்பார்கள். கூப்பனைக் கையில் வாங்கும்போது கையெழுத்துக் கேட்டால், நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக இதை ஏற்கிறேன் என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.